மானிடமகனும் இறைமகனும்: இரு பட்டங்களின் பொருள்

கிறிஸ்தவ வேதம் மஸீஹை மனிதராகவும் இறைவனாகவும் காட்டுகிறதா என்னும் விவாதத்தில் நம்மவர் அடிக்கடி முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு. ஈஸா (அலை) அவர்கள் தம்மை 'மனுஷகுமாரன்' என்றே சுட்டினார்கள். ஆகவே தாம் மனிதர் மட்டுமே என்று அறிவித்தார்கள் என்பது அது. மறுதரப்பாரோ 'தேவகுமாரன்' என்னும் பட்டத்தையே இறைத்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். இரு சாராரும் ஒரே தவறைத்தான் செய்கின்றனர் என்பது நமது கருத்து. தமிழ்ச்சொல்லின் நேர்ப்பொருளையே மூலத்தின் பொருளாகக் கொண்டுவிடுகின்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'மானிடமகன்', 'இறைமகன்' என எழுதிய பின்னும் இந்தச் சிக்கல் தீரவில்லை.

மாற்கு 14ஆம் அதிகாரத்தின் விசாரணைப் பகுதியைப் பார்ப்போம். நீர் மஸீஹா, இறைவனின் மகனா எனத் தலைமைக் குரு வினவுகிறார். ஆம் என்ற மறுமொழியோடு, வல்லமையின் வலப்புறத்தில் அமர்ந்து மேகங்களோடு வரும் மானிடமகனைப் பற்றிய அறிவிப்பும் தொடர்கிறது. அதைக் கேட்ட பிறகே குரு தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு இறைநிந்தனை என்கிறார். மானிடமகன் என்பது 'வெறும் மனிதன்' என்று மட்டுமே பொருள்பட்டிருந்தால் இந்தச் சீற்றத்திற்கு என்ன காரணம்? விடை தானியேல் 7ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே மனிதச் சாயலில் மேகங்களோடு வரும் ஒருவருக்கு முடிவற்ற ஆட்சி வழங்கப்படுகிறது. எசேக்கியேல் நூலிலோ அதே வகைத் தொடர் அந்தத் தூதரை விளிக்கும் சொல்லாக மட்டுமே நிற்கிறது. ஆக, இடமறிந்தே பொருள்கொள்ள வேண்டும்.

'இறைமகன்' என்பதும் அத்தகையதே. சங்கீதம் 2இல் அது தாவூது வழி அரசனைக் குறிக்கிறது. யாத்திராகமம் 4இல் இஸ்ரவேல் சமூகத்தையே குறிக்கிறது. லூக்கா 3இல் ஆதம் (அலை) வரை நீள்கிறது. இப்பட்டம் ஒன்றைக் கொண்டே இறைத்தன்மையை நிறுவ முயல்வது வலுவற்ற வாதம்.

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) அவர்களின் பெயரால் வழங்கும் 'அர்ரத்துல் ஜமீல்' இத்தகைய சொல்லாராய்ச்சிக்கு நல்ல முன்னோடி. அது அவர்களுடையதுதானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நூலின் முறை நமக்கு முக்கியம். கையிலுள்ள இன்ஜீல் வாசகத்தை ஏற்றுக்கொண்டே, தந்தையோடு ஒன்றாயிருத்தல் பற்றிய யோவான் 10இன் கூற்று மஜாஸ், அதாவது உருவகம், என அந்நூல் வாதிடுகிறது. நம் காலத்து மேடை விவாதங்களில் இந்தப் பொறுமையைக் காண்பது அரிது.

உண்மையான கடினம் பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுலின் இக்கடிதம் நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே, மஸீஹின் உயர்நிலை யோவானிடத்தில்தான் முதன்முதலாகப் புகுந்தது என்னும் நம்மவரின் எளிய வரிசை நிலைக்காது. இறைவனின் வடிவில் இருந்தவர் அடிமையின் வடிவெடுத்தார் என்கிறது இப்பகுதி. அதனினும் கனமானது, எல்லா முழங்கால்களும் தனக்கே மடங்கும் என்று ஏசாயா 45இல் ஏக இறைவன் உரைத்ததை இது மஸீஹுக்குப் பொருத்துவதாகும். தவ்ஹீதை ஏற்ற நம்மால் இதற்கு உடன்பட இயலாது. ஆயினும் அங்கே அவ்வாறு சொல்லப்பட்டுள்ளது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

அதே பகுதி, அவரை உயர்த்தியவனும் பெயரளித்தவனும் இறைவனே என்கிறது. மகிமையும் பிதாவுக்கே சேர்கிறது. உயர்த்தப்பட்டது அவருடைய மனித இயல்பே என்பது, இரு இயல்புகளை வரையறுத்த 451ஆம் ஆண்டின் கல்சிதோன் சங்கத்தின் வழிநின்று தரப்படும் விளக்கம். ஆனால் பிலிப்பியரின் வாசகம் அவரை இரண்டாகப் பகுக்கவில்லை. இறைவடிவில் இருந்தவர், தாழ்ந்தவர், உயர்த்தப்பட்டவர் ஆகிய மூவரும் அங்கே ஒருவரே. உயர்வு ஒருவருக்கு வழங்கப்பட்டதாயின், வழங்கியவனோடு அவர் எவ்வகையில் சமம் என்னும் வினாவுக்கு அந்த விளக்கம் மூலத்திலிருந்து விடை காட்டவில்லை.