சொல்லும் தாளமும்: 'நாகூர் செஷன்ஸ்' இறுவட்டைக் கேட்டோர்

நாகூர் தர்ஹாவில் பாடும் அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் பாபா சபீர் ஆகிய மூவரின் குரல்களை நவீன இசையோடு கலந்து சென்னை எர்த்சிங்க் நிறுவனம் வெளியிட்ட இறுவட்டு 'நாகூர் செஷன்ஸ்'. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தாக்கிய ஆறு நாடுகளின் இசையைத் தொகுத்த அதே நிறுவனத்தின் 'லயா புரொஜெக்ட்'டிலும் நாகூர்க் குரல்கள் உண்டு.

எருக்கலம்பிட்டியில் சிலருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். "பைத்துக்கு றபான் போதும் தம்பி, இதென்ன கூத்து?" என்றார் மூத்த லெப்பை. இசையே ஆகாதென்னும் இளம் மௌலவி பாதியில் எழுந்து போனார். என் மாணவர்களோ தாளத்துக்குத் தலையாட்டினார்கள். "என்ன பாடினார்கள்?" என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை.

என் கவலை இந்த மூன்றாமவர்களைப் பற்றியதே. முன்னிருவரும் சொல்லைக் கேட்டதால் கோபித்தார்கள்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் சிறுவன். புத்தளத்து ஓலைக்கொட்டிலில் எங்களிடம் றபான் இல்லை. உம்மாமார் கைதட்டிப் பாடினார்கள். வாத்தியம் போயும் சொல் நின்றது.

கலப்பது குற்றமன்று. நாகூர் ஹனிபாவும் சினிமாப் பாணி வாத்தியங்களோடுதான் பாடினார். அவர் சொல்லொன்றும் காதுக்குத் தப்பியதில்லை. இந்த இறுவட்டிலும் குரல் தனித்தெழுந்து வாத்தியம் பின்தொடருமிடங்கள் நெஞ்சை நிறைக்கின்றன. தாளம் முந்துமிடத்தில் குரல் வெறும் அலங்காரமாகிறது.

மறுநாள் வகுப்பில் வாத்தியமின்றிப் பாடவைத்தேன். அன்றுதான் பிள்ளைகள் பொருள் கேட்டார்கள்.