துக்குமானும் சியாட்டிலும்: கண்காட்சித் தொகுப்பின் மற்றொரு மரபு

கியூரேட்டர் எனப்படும் தொகுப்பாளர், அதாவது படைப்புகளைத் தேர்ந்து, இடமறிந்து வைத்து, அவற்றுக்கு விளக்கமும் தரும் பொறுப்பாளர், தாமே ஒரு படைப்பாளி என்னும் கருத்து தற்காலக் கலை எழுத்தில் ஏறத்தாழ விதியாகவே நிலைபெற்றுவிட்டது. அக்கருத்துக்கு மூலவராக ஹரால்ட் ஸேமனும், தொடக்கப் புள்ளியாக 1969இல் பெர்ன் நகரில் அவர் அமைத்த ‘மனப்பாங்குகள் வடிவமாகும்போது’ கண்காட்சியும் ஓயாமல் முன்வைக்கப்படுகின்றன. அதே ஆண்டுகளில் தொகுப்பாளரின் அதிகாரத்தைப் பெருக்காமல் பகிர்ந்தளித்த, அதைவிடத் துணிவான வேறொரு மரபு இருந்ததை இவ்வரலாறு மறைத்துவிடுகிறது.

சோதனை முயற்சிகள் பெர்னில் தொடங்கியவையும் அல்ல. ஹனோவரில் 1920களின் இறுதியில் எல் லிஸிட்ஸ்கி வடிவமைத்த அறையில் பார்வையாளரே தடுப்புகளை நகர்த்திப் படங்களைக் காண முடிந்தது. 1938இல் பாரிஸில் நடந்த மீயதார்த்தவாதக் கண்காட்சியில் மார்செல் துஷாம் கூரையிலிருந்து நிலக்கரிச் சாக்குகளைத் தொங்கவிட்டார். பெர்னின் தனிச்சிறப்பு, கலைஞர்கள் கூடத்துக்குள்ளேயே வேலை செய்ததுதான். ரிச்சர்ட் செர்ரா அங்கே உருக்கிய ஈயத்தை வீசினார். அச்சிறப்பு மெய்யானதே. ஆயினும் ஸேமன் பொறுப்பேற்ற 1972ஆம் ஆண்டின் டாக்குமென்டாவில், அதாவது ஜெர்மனியின் காசல் நகரில் நடைபெறும் தொடர் கலைக் கண்காட்சியில், கண்காட்சியே கலைப்படைப்பாக வைக்கப்படுகிறது எனக் கலைஞர் டானியல் புரேன் எழுப்பிய கண்டனம் இன்றும் விடை கிடைக்காமல் நிற்கிறது.

மறைக்கப்பட்ட மரபின் வேர் ஆர்ஜென்டினாவில் உள்ளது. ஒங்கானியாவின் இராணுவ ஆட்சி துக்குமான் மாநிலத்தின் சர்க்கரை ஆலைகளை 1966 முதல் மூடியபோது பரவிய வறுமையை அரசு விளம்பரம் மூடி மறைத்தது. ரொசாரியோ, புவெனஸ் ஐரிஸ் நகரங்களின் கலைஞர்கள் அங்கு நேரில் சென்று நேர்காணல்களும் ஒளிப்படங்களும் திரட்டி, 1968 நவம்பரில் ‘துக்குமான் எரிகிறது’ என்னும் கண்காட்சியைக் கலைக்கூடத்தில் அல்லாமல் தொழிற்சங்கக் கட்டடத்தில் அமைத்தனர். வந்தவர்கள் ஆலை முதலாளிகளின் பெயர்கள் எழுதப்பட்ட தரைமீது நடந்து உள்ளே நுழைந்தனர், சர்க்கரையிடாத காப்பியைப் பருகினர், குழந்தை இறப்பின் விகிதத்துக்கேற்ப விளக்குகள் அவ்வப்போது அணைவதைக் கண்டனர். யாருடைய கையொப்பம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. புவெனஸ் ஐரிஸில் இது திறந்தவுடனேயே அரசின் அழுத்தத்தால் மூடப்பட்டது.

அவ்வாண்டு போட்டி நடுவராக ஆர்ஜென்டினா சென்ற அமெரிக்க விமர்சகர் லூசி லிப்பார்ட், ரொசாரியோ கலைஞர்களின் தொடர்பு தம்மை அரசியலின்பால் திருப்பியதாகப் பின்னாளில் கூறினார். மறு ஆண்டு சியாட்டிலில் அவர் அமைத்த கண்காட்சியின் தலைப்பு அந்நகரின் மக்கள்தொகை மட்டுமே: 557,087. பொருளைவிட எண்ணத்தையே படைப்பாகக் கொள்ளும் கருத்துருக் கலையை அது முன்னிறுத்தியது. கலைஞர்கள் நேரில் வராத இடங்களில் அவர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளின்படி லிப்பார்டே உதவியாளர்களுடன் படைப்புகளைச் செய்தார். கையேடோ தைக்கப்படாத அட்டைகளின் கட்டு: ஒவ்வொரு கலைஞரும் தமக்கான அட்டையை ஆக்கினார், தொகுப்பாளரின் கருத்துகளும் அவற்றிடையே சில அட்டைகளாகவே கலந்திருந்தன, வாசிப்பவர் விரும்பிய வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். இவ்வளவு தெளிவான அதிகாரத் துறப்பைக் கண்ட பின்னும் விமர்சகர் பீட்டர் பிளாஜென்ஸ், லிப்பார்டே கலைஞர் என்றும் பிற கலைஞர்கள் அவரது ஊடகம் என்றும் எழுதினார். கருத்துருக் கலையில் பெண்களே இல்லை என்ற பேச்சை மறுத்து, 26 பெண் கலைஞர்களைக் கொண்டு 1973இல் லிப்பார்ட் கலிபோர்னியாவில் தொடங்கிய கண்காட்சி, இவ்வழி ஆற்றக்கூடிய நீதிக்கு மிகச் சிறந்த சான்றாகும்.

தொகுப்பாளர் ஒக்வி என்வெஸர் 2002ஆம் ஆண்டின் டாக்குமென்டாவை வியன்னா, புது டெல்லி, லாகோஸ் உள்ளிட்ட நகரங்களின் விவாத அரங்குகளாக விரித்தது இம்மரபின் பெருமைக்குரிய தொடர்ச்சி. 2022இல் டாக்குமென்டாவைத் தொகுத்த ஜகார்த்தாவின் ருவாங்ரூபா குழு, அறுவடையைப் பொதுவில் சேமிக்கும் களஞ்சியமான ‘லும்புங்’கை முன்மாதிரியாகக் கொண்டு நிதியையும் தேர்வுரிமையையும் பல குழுக்களுக்குப் பிரித்தளித்தபோது, அதில் பங்கேற்ற தாரிங் பாடி குழுவின் பதாகையொன்றில் யூத வெறுப்புச் சித்திரங்கள் கண்டறியப்பட்டு, அது முதலில் துணியால் மறைக்கப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டது. அத்தவறு கடுமையானது, எனினும் அதைக் காட்டி ஒற்றைப் படைப்பாளியான தொகுப்பாளரே மீண்டும் வேண்டும் எனக் கோருவோர், பகிரப்பட்ட அதிகாரம் பொறுப்பற்றதாகத்தான் இருக்கும் என்று கருதிவிடுகின்றனர். லிப்பார்டின் அட்டைக்கட்டில் ஒவ்வொரு முடிவும் யாருடையது என்பது அட்டைக்கு அட்டை தெரிந்தது. காசலில் இல்லாமற்போனது அத்தகைய வெளிப்படையான பதிவே; அதை மீட்டெடுக்க ஸேமனிடம் திரும்பிச் செல்லத் தேவையில்லை.