செனெகாவைக் கூண்டிலிருந்து இறக்கியவர்

ஸ்டோயிக் மரபை மூன்று காலமாகப் பிரிப்பது வழக்கம். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் ஜீனோ தொடங்கியதை கிரிசிப்பஸ் தர்க்கத்தால் கட்டி எழுப்பினார். பனேஷியஸும் பொசிடோனியஸும் அதை ரோமானியப் பெருங்குடியினரிடம் கொண்டு சேர்த்தார்கள். செனெகா, எபிக்டெட்டஸ், மார்கஸ் அரேலியஸ் கடைசி அணி.

கிரிசிப்பஸ் எழுதியதாகச் சொல்லப்படும் எழுநூற்றுச் சொச்சம் சுவடிகளில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. நம்மிடம் நிறைவாக இருப்பது கடைசி அணியின் எழுத்துதான். ஆனால் அறிஞர்கள் நெடுங்காலம் ஏங்கியது தொலைந்தவற்றுக்காக. ரோமானியரை அவற்றுக்குச் சாட்சி சொல்ல மட்டுமே கூண்டில் ஏற்றினார்கள். செனெகாவுக்கு இன்னொரு கூண்டும் காத்திருந்தது: எளிமையைப் போற்றிய மனிதரிடம் 30 கோடி செஸ்டெர்ஸ் சேர்ந்தது எப்படி? இதை அவர் வாழ்ந்தபோதே எதிரிகள் கேட்டுவிட்டார்கள்.

ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியில் பண்டைய வரலாறு கற்பித்த மிரியம் கிரிஃபின் 1976இல் செனெகாவைப் பற்றி எழுதிய நூல், என் பார்வையில், இந்த இரு வழக்குகளையும் வேறு தளத்துக்கு மாற்றியது. ரோமானிய வரலாற்றறிஞர் ரொனால்டு சைமின் மாணவி அவர். பதவி, குடும்பம், பணம் ஆகியவற்றைத் துருவிப் பார்க்கும் பயிற்சி அங்கே கிடைத்தது. பேரரசர் நீரோவின் ஆலோசகராக இருந்த காலத்தைப் பற்றித் தம் உரைநடை நூல்களில் செனெகா அநேகமாக வாயே திறப்பதில்லை. ஆகவே அவற்றை நாட்குறிப்பாகப் படிக்க கிரிஃபின் மறுத்தார். லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களும் அவருக்குக் கலைப் படைப்புகளே. முதற்பாதியில் வாழ்க்கை, பிற்பாதியில் அடிமை முறை, செல்வம், அரசியல் பங்கேற்பு, மரணம் என ஒவ்வொன்றிலும் கொள்கையும் நடைமுறையும். புனிதர் பட்டமும் இல்லை, போலி என்ற தீர்ப்பும் இல்லை. ஆங்காங்கே செனெகாவிடம் சற்று அதிகமாகவே கருணை காட்டுகிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நன்மை செய்தலைப் பற்றிய செனெகாவின் ஏழு பகுதி நூலைப் பலர் அலுப்பு என்று ஒதுக்குவார்கள். கிரிஃபின் அதை பிராட் இன்வுட்டுடன் மொழிபெயர்த்தார். 2013இல் தனி வழிகாட்டி நூலும் எழுதினார். கொடுப்பதும் பெறுவதுமே ரோமானிய மேல்தட்டின் அரசியல் என்பதால் அங்கே தத்துவம் நேராக நடைமுறைக்கு வந்துவிடுகிறது. கொடுங்கோலன் தரும் பரிசை மறுக்க வழியில்லாதபோது, அதை வாங்குவது பெறுதலாகாது, கீழ்ப்படிதலே என்று அதில் செனெகா வாதிடுகிறார். நீரோ தந்த தோட்டங்களும் மாளிகைகளும் அப்போது அவர் பெயரில்தான் இருந்தன.