மண் அடித்த மனை

புதுச்சேரியின் மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே அரியாங்குப்பம் ஆறு. நடுவில் கிடக்கும் மணல் நிலத்தில் மனை வாங்குபவருக்கு முதல் செலவு மண் அடிப்பதுதான். 2,400 சதுர அடி மனை ஒரு முனையில் நான்கடி தாழ்ந்திருந்தால், சமமாக்க மட்டும் 48 யூனிட் மண் வேண்டும். பேஸ்மட்டம் அதற்கு மேல்.

இப்படி மண் அடிப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2004-இல் சுனாமியையும் 2011-இல் தானே புயலையும் பார்த்த கரை இது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. போதாக்குறைக்கு, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு வீடுகளைப் பள்ளமாக்குகிறார்கள். பேஸ்மட்டம் ஏற்றியவர் அடைமழையிலும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அவர் வாசலில் நிற்காத தண்ணீர் பக்கத்து வீட்டில் நிற்கிறது. மணல் உறிஞ்சியிருக்கக்கூடிய மழையைக் கிராவலும் சிமென்ட் தளமும் அங்கே தள்ளிவிடுகின்றன. அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரரும் மண் அடிப்பார். அடித்த மண்ணும் சும்மா இருப்பதில்லை. அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போடாவிட்டால், பள்ளத்துப் பக்க மூலையில் தளம் உள்வாங்கி, டைல்ஸுக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும். காம்பவுண்டுக்காக எழுப்பிய ஒற்றைக்கல் சுவர் அத்தனை மண்ணையும் தாங்கி வயிறு தள்ளி நிற்கும். தண்ணீர் கசிய ஓர் ஓட்டைகூட விட்டிருக்க மாட்டார்கள். மனையைச் சமமாக்கச் சொல்லி வாஸ்துவும் கேட்கவில்லை. வடகிழக்கு தாழ்ந்திருப்பது நல்லதென்றே அது சொல்கிறது.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் தம் வீட்டைப் பாறைச் சரிவோடு இசைந்து கட்டினார். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அது பாறை, இது மணல். பல மட்டங்களில் படி வைத்தால் முழங்கால் வலிக்காரருக்கு வீடே தண்டனை. என் கணக்கில் இரண்டு மட்டம் போதும். மேட்டுப் பாதியில் சமையலறையும் படுக்கையறையும். பள்ளத்துப் பாதியில் பில்லர் மேல் ஓர் அறை. அதன் அடியில் வலையும் ஐஸ்பெட்டியும் வைக்கலாம், வெள்ளம் வந்தால் எடுத்துவிடலாம். மண் செலவு மிச்சமாகும், கம்பிச் செலவு கூடும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க கான்கிரீட் கவரில் கஞ்சத்தனம் கூடாது; மேஸ்திரிகள் அதிகம் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஆனால் தெருவில் ஒருவர் மட்டும் சரிவை அப்படியே விட்டால், மற்ற வீட்டுத் தண்ணீரெல்லாம் அவர் பில்லருக்கடியில் வந்து தேங்கும். ரோடு போடும்போதே அதன் மட்டத்தையும் வாய்க்கால் போகும் வழியையும் கொம்யூன் பஞ்சாயத்து குறித்துக் கொடுக்காதவரை, டிப்பர்காரரைக் கூப்பிடுபவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.