தேர் பெற்ற கொடியும் பேர் பெறா மகளிரும்

திருவெறும்பூரில் எட்டாம் வகுப்பு மாணவர்க்குப் பாரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவன் எழுந்தான். "ஐயா, கொடி படர ஒரு குச்சி போதுமே! தேர் எதற்கு?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

கொடைமடம் என்று போற்றும் புலவர் ஒருபுறம். மன்னனின் மடமை என்று தள்ளும் நம் தோழர் மறுபுறம். இரு சாராரும் முல்லையை உற்று நோக்கினாரல்லர்! வறண்ட செம்மண் புதர்க்காட்டுக்கு உரிய செடி அது. இலையடியில் காதுமடல் போன்ற இரு சிற்றிலைகள், சிறிய வெண்மலர், மாலையில் மணம். பாகற்கொடிக்குள்ள சுருளிழை அதற்கில்லை. அண்டையிலுள்ள புதரின்மேல் சாய்ந்தே ஏறும். காட்டில் காரையும் சூரையுமே அதற்குத் தேர்! அவற்றை வெட்டினால் கொடி தரையில் துவளும். பாரி கண்ட காட்சியில் பொய்யில்லை. குச்சி தேடும் பொறுமைதான் இல்லை. இன்று எங்கள் ஊரில் முல்லையைக் காண வாசற்பந்தலை நாட வேண்டும், அல்லது திருவரங்கத்துப் பூக்கடையை. புதர் என்றாலே அழிக்கத்தக்கது என்றல்லவா கற்றிருக்கிறோம்!

ஆயினும் என் வழக்கு பாரியோடன்று, கபிலரோடு.

மூவேந்தரின் முற்றுகைக்குப் பின் பாரி மாண்டான், பறம்பு பறிபோயிற்று. அவன் மகளிர் இருவரையும் விச்சிக்கோன்முன் நிறுத்திக் கபிலர் பாடியதே புறநானூற்றின் 200 ஆம் பாட்டு. தன்னைப் புகழ்ந்து பாட வாயில்லாத முல்லைக்கும் தேர் ஈந்தவனின் மக்கள் இவர் என்கிறார். புகழுக்கு விலையாகப் பரிசில் பெற்ற காலத்தில் எத்துணை அரிய சொல்! அதே மூச்சில், தாம் அந்தணன் என்பதையும் சொல்ல மறக்கவில்லை. அடுத்து இருங்கோவேளிடம் 201 ஆம் பாட்டு. அவனும் மறுத்தான்.

இரண்டு பாட்டிலும் அப்பெண்களின் பெயர் இல்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கு. இருவரும் பாடத் தெரிந்தவர். தந்தையையும் குன்றையும் இழந்த துயரைத் தாமே பாடிய பாட்டு, அதே நூலில் 112 ஆவதாக நிற்கிறது. பாடாத கொடிக்காகப் பேசிய புலவர், பாடிய பெண்களின் பாட்டை ஒரு சொல்லாலும் சுட்டாதது ஏன்? கொழுகொம்பு தேடும் கொடிகளாகவே அவர்களைக் கண்டாரா? அன்றைய வழக்கம் அது என்பர். இருக்கலாம். அவருடைய நட்பின் உறுதியை நான் ஐயுறவில்லை. பார்வையின் எல்லையையே குறிக்கிறேன்.

மறுநாள் 112 ஆம் பாட்டை நடத்தினேன். குச்சி கேட்ட மாணவனே மீண்டும் எழுந்தான்.

"பாடியவர் பெயர் என்ன, ஐயா?"

'பாரி மகளிர்' என்று கரும்பலகையில் எழுதினேன். அவன் அமரவில்லை.