மண்ணில் ஊன்றிய மரம்

டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். வாத்தியமோ ஓர் ஆள் உயரம்தான். இவ்வளவு சின்ன உடலிலிருந்து அவ்வளவு நீண்ட அலை புறப்படும்போது அது ஒரு திசை பார்த்துப் போவதில்லை. வாசிப்பவரின் முதுகுப் பக்கமும் போகும், மேடைக்கு அடியிலும் போகும், வானத்துக்கும் போகும். மண்டபமாக இருந்தால் சுவரும் கூரையும் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். கடலோர மைதானத்தில் அப்படித் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போன்ற ஊரில், திறந்த வெளியில், கடற்காற்றுக்கு நடுவே இந்த வாத்தியத்தை வாசிப்பதுதான் ஒலிபெருக்கும் கலைக்கு உண்மையான சோதனை என்று நினைக்கிறேன்.

இங்குள்ள விழா மேடைகளில் தாழ்குரல் என்றால் பேஸ் கிட்டாரும், கீபோர்டின் இடக்கையும்தான். இரண்டும் மின்சாரத்துக்கென்றே பிறந்தவை. டபுள் பேஸ் அப்படியல்ல. அது மரத்துக்கும் காற்றுக்கும் பிறந்தது. மின்சாரம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்த உறவு.

திறந்த வெளியில் தாழ்ந்த தாளத்தை நிலைநிறுத்தும் வித்தை இந்தத் தீவுகளுக்கு அந்நியமானதும் இல்லை. இங்குள்ள பூர்வகுடிகளான கிரேட் அந்தமானியரிடம் ஒரு தாளப் பலகை இருந்தது. 1880களில் பிரிட்டிஷ் அதிகாரி இ. எச். மேன் அதை விவரமாக எழுதிவைத்தார். 1888இல் இன்னோர் அதிகாரியான எம். வி. போர்ட்மன் அந்தமானியர் இசையைப் பற்றி எழுதிய கட்டுரையிலும், பின்னால் மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1922இல் வெளியிட்ட நூலிலும் அது வருகிறது. படாக் மரத்தில் குடைந்து செய்தது. பார்த்தால் கேடயம் என்றே தோன்றும். வளைந்த முதுகு மேலே, குடைந்த வயிறு கீழே. கூரான முனையை மண்ணில் ஊன்றி, ஒரு காலால் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு காலின் உள்ளங்காலால் மிதித்துத் தாளம் போடுவார்கள். மிதிப்பவர்தான் பாடகர், பெரும்பாலும் பாட்டைக் கட்டியவரும் அவர்தான். பெண்கள் தொடையில் கைதட்டிக் கூடவே பாடுவார்கள். மற்றவர்கள் ஆடுவார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்வது அந்த ஊன்றுதல். ஒலி காற்றில் மட்டும் போகவில்லை. பலகை மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆடுகிறவர்களின் வெறுங்காலும் அதே மண்ணில் இருக்கிறது. கூரையோ சுவரோ இல்லாத ஆடுகளத்தில் மரமும் மண்ணும் சேர்ந்தே வாத்தியமாகிவிடுகின்றன. டபுள் பேஸின் அடியிலும் ஓர் இரும்புக் கம்பி நீள்கிறது. அதன் கூர்முனை மேடையில் குத்தி நிற்கிறது. நல்ல பலகை மேடையாக இருந்தால் அந்தக் கம்பி வழியாகவே மேடை முழுவதும் மெல்ல அதிரும். அருகில் அமர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும்: பேஸ் காதுக்கு வருவதற்கு முன்பே காலுக்கு வந்துவிடுகிறது.

மின்சார உறவுக்கும் அந்தக் கம்பி ஒரு வழியானது. அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் 1940களில் அந்தக் கம்பியின் மேல் முனையில், அதாவது வாத்தியத்தின் வயிற்றுக்குள், ஒரு சிறு மைக்கைப் பொருத்தினார். ஆம்ப் செய்யும் ஆம்பெக் நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. அதற்கு முன்பு வழியே வேறு. டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் முழங்கும் கூட்டத்தில் தன் குரல் கேட்கவேண்டுமென்றால் குடல்நரம்புத் தந்திகளை உயர்த்திக் கட்டி, விரல் கொப்பளிக்க இழுத்து அடிப்பார்கள். பாப்ஸ் ஃபாஸ்டர் போன்ற நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் பழைய பதிவுகளில் தந்தி விரற்பலகையில் மோதும் சத்தம்கூட இசையாகிவிட்டிருக்கிறது. சிலர் ஒரு மைக்கைத் துணியில் சுற்றி, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே செருகிவிடுவார்கள். முரட்டு ஏற்பாடுதான், ஆனால் மரத்தின் குரலை அது மதித்தது.

பிறகு பியேஸோ பிக்கப் வந்தது. குதிரையின் அழுத்தத்தையே மின்துடிப்பாக மாற்றும் சின்னத் தகடு. மைக்கைப்போல அது பக்கத்து டிரம்ஸை இழுத்துக்கொள்ளாது. சத்தமான மேடையில் பெரிய வரம். ஆனால் அதைச் சாதாரண மிக்ஸரில் நேராகச் செருகினால் தாழ்குரல் வடிந்து போய்விடும், மூக்கடைத்த ‘டக் டக்’ மட்டுமே மிஞ்சும். அந்தத் தகடு தாழ்ந்த அதிர்வுகளைத் தக்கவைக்கவேண்டுமென்றால் எதிரே உள்ள கருவியின் உள்ளீட்டுத் தடை மிக உயர்வாக, ஒரு கோடி ஓம் அளவில் இருக்கவேண்டும். இதற்கென்றே நடுவில் ஒரு ப்ரீஆம்ப் வைப்பார்கள். இந்தச் சின்னப் பெட்டி இல்லாததால் எத்தனை நல்ல வாத்தியங்கள் மேடையில் அழகிழந்து போயிருக்கின்றன!

1970களின் பல ஜாஸ் இசைத்தட்டுகளில் இந்த மாற்றத்தைக் கேட்கலாம். ஆம்ப் இருக்கிறதே என்று தந்திகள் தாழ்ந்தன, எஃகுத் தந்திகள் வந்தன, விரல்கள் மென்மையாயின. ஸ்வரங்கள் ரப்பர் போல நீண்டன. வேகம் கிடைத்தது. எனக்கு அந்த ஒலியில் மனம் ஒட்டுவதில்லை. டபுள் பேஸின் அழகு ஒரு ஸ்வரம் பிறக்கும் கணத்தில் இருக்கிறது: சதை தந்தியை விட்டு விலகும் அந்த மெல்லிய உரசல், உடனே மரம் விழித்துக்கொள்வது, பிறகு ஒலி சற்றே தளர்ந்து அடுத்த ஸ்வரத்துக்கு இடம் விடுவது. ஆட்டக்காரரின் கால் எழும்பி இறங்குவதற்கு அந்த இடைவெளிதான் வேண்டும். ஸ்வரம் நீண்டு அடுத்ததன் மேல் படர்ந்தால் தாளத்தின் விளிம்பு மழுங்கிவிடுகிறது.

மைக்செட்காரர்களிடம் பலமுறை சொல்லத் தோன்றிய ஒன்று உண்டு. 41 அதிர்வில் டபுள் பேஸின் உடல் மிகக் குறைவாகவே ஒலிக்கிறது. அதன் வயிற்றிலுள்ள காற்றின் இயல்பான அதிர்வே ஏறக்குறைய 60க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாம் கேட்பதில் பெரும்பங்கு அதன் மேலடுக்குகள், 82உம் 123உம் அதற்கு மேலும். அவற்றைக் கேட்டு, அடியில் இருக்கவேண்டிய 41ஐ நம் செவியே கட்டிக்கொள்கிறது. சின்ன டிரான்சிஸ்டரிலும் பேஸ் நடப்பது நமக்குப் புரிந்தது இதனால்தான். ஆகவே ‘பேஸ் பத்தலை’ என்று அடிக்குரலின் குமிழை ஏற்றினால், மரம் அந்த அளவுக்குத் தராத ஒன்றை ஸ்பீக்கர் கொட்டத் தொடங்கும். காற்று மைக்கில் மோதுவதும், மேடைமேல் யாரோ நடப்பதும் சேர்ந்து பெருகும். மொத்தமும் சேறாகிவிடும். நல்ல கை அதற்கு நேர்மாறாகச் செய்யும்: நாற்பது, ஐம்பது அதிர்வுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். வெட்டியதும் வாத்தியம் பெரிதாகக் கேட்கும். முதல் தடவை கேட்கும்போது எவராலும் இதை நம்ப முடியாது.

அடுத்த தொல்லை ஊளை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி வாத்தியத்தின் மெல்லிய மேற்பலகையை அதிரவைக்க, அது பிக்கப்பில் ஏறி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, ஒரு ஸ்வரம் மட்டும் யாரும் மீட்டாமலே பெருகிக்கொண்டே போகும். சத்தத்தைக் குறைப்பது சோம்பேறி வைத்தியம். ஆம்ப் நிற்கும் இடத்தை மாற்றலாம். துருவத்தைத் திருப்பும் பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம். எஃப் வடிவத் துளைகளில் ஸ்பாஞ்ச் அடைக்கலாம். நான் விரும்புவது இரண்டையும் கலப்பது: அடிப்பகுதிக்குப் பிக்கப், விரலும் மரமும் பேசும் மேற்பகுதிக்குக் குதிரை அருகே கவ்வி நிற்கும் சிறு மைக். இரண்டும் எங்கே கைமாறுகின்றன என்று தெரியாவிட்டால் அந்தப் பொறியாளர் ஒரு கலைஞர்.

நம் காது இந்தத் தாழ்குரலுக்குப் புதிதில்லை. 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் குழு இந்தியச் சுற்றுப்பயணத்தில் சென்னைக்கும் வந்தது. டபுள் பேஸில் யூஜீன் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. அங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு வியந்தார்கள். பழனி இடக்கைக்காரர், அவருடைய தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் தாழ்குரல் பக்கத்தின், கும்காரத்தைப் பற்றி இன்றும் ரசிகர்கள் பேசுகிறார்கள். தொப்பியில் அப்பும் ரவை ஈரமாக இருக்கும்வரைதான் அந்தக் குரல். கச்சேரி நடுவே காய்ந்தால் தண்ணீர் தொடவேண்டும். ரைட்டின் வாசிப்பும் அந்த இனம்தான்: குறைந்த ஸ்வரங்கள், ஒவ்வொன்றும் சரியான இடத்தில், சரியான கனத்தில். ஒலிபெருக்கியை நம்பாமல் அவர் கட்டிய அந்த நடைமேல்தான் ப்ரூபெக் ஒற்றைப்படைத் தாளங்களில் துணிந்து ஏறினார். தொப்பியைக் கேட்டுப் பழகிய காதுக்கு ரைட் உடனே பிடித்துப்போவார்.

ஈரம் என்றதும் அந்தமானுக்கே வரவேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் இங்கே கொட்டுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். இந்தக் காற்றில் ஸ்ப்ரூஸ் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும். குதிரை உயரும், தந்தி விரலுக்கு எட்டாமல் ஏறும். குதிரைக் கால்களில் திருகு வைத்து உயரத்தைச் சரிசெய்யும் வசதி இங்கே அவசியம். விலங்குப் பசையால் ஒட்டிய விளிம்புகள் விடத் தொடங்கினால் எங்கோ ஒரு கிர்ர் சத்தம் கேட்கும். ஆம்ப் அதைத்தான் முதலில் பெருக்கும்.

அதனால் யாராவது சென்னையிலிருந்து கப்பலில் ஒரு டபுள் பேஸை இங்கே கொண்டுவர நினைத்தால், நூறு வருட ஐரோப்பிய வாத்தியத்தைக் கேட்கவே மாட்டேன். ஒட்டுப்பலகையில் செய்ததைக் கொண்டுவாருங்கள் என்பேன். அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் அமெரிக்காவின் கே நிறுவன வாத்தியங்கள் எத்தனை நடன மேடைகளைத் தாங்கின என்று கேட்டறிய வேண்டும். ஒட்டுப்பலகை ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது, ஊளைக்கும் எளிதில் இடம் கொடுக்காது. குர்ஜன் மரத்தில் ஒட்டுப்பலகை செய்து அனுப்பிய தீவுகளுக்கு அது பொருத்தமும்கூட. கூடவே ஒரு நல்ல ப்ரீஆம்ப், ஒரு சிறு மைக், ஒரு துணி, நாலு ஸ்பாஞ்ச் துண்டு. உள்ளே கூடாக இருக்கும் தகர மேடையை ஒதுக்கிவிட்டு, வாத்தியத்தைக் கெட்டித்த மண்ணில் நிறுத்துங்கள். ஆம்பை வாசிப்பவரின் முதுகுக்கு நேரே வைக்காமல் ஓரமாகத் திருப்புங்கள். சவுண்ட் பார்க்கும்போது, முதல் ஸ்வரம் மீட்டுவதற்கு முன்பே, ஐம்பதுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.