எழும்புதலும் உயிர்த்தெழுதலும்

நல்லதண்ணி லயத்தில் விடியுமுன் அம்மா என்னை அழைக்கும் சொல் ‘எழும்பு’. அப்பாயி இறந்த அன்று உடலருகே அழுதவர்களும் அச்சொல்லையே கூறினர். விவிலியத்தில் ‘எகெய்ரோ’ என்னும் கிரேக்க வினையைக் கற்றபோது அவ்வழுகை நினைவில் வந்தது.

துயிலெழுப்புதல் என்பது அவ்வினையின் முதற்பொருள். மத்தேயு நற்செய்தியில், புயலிடையே உறங்கும் இயேசுவைச் சீடர் எழுப்புவதற்கு (8:25) இவ்வினையே வருகிறது. காய்ச்சலில் கிடந்த பேதுருவின் மாமி எழுவதும் (8:15), இறந்த சிறுமி எழுவதும் (9:25), கல்லறையினின்று இயேசு எழுவதும் (28:6) ‘ஏகெர்த்தே’ என்னும் ஒரே வடிவம். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்போ இறுதி இடத்தில் மட்டும் ‘உயிர்த்தெழுந்தார்’ என்கிறது. ‘உயிர்த்து’ மூலத்தில் இல்லை. அது மொழிபெயர்ப்பாளர் தந்த விளக்கம். தெளிவுக்காகச் சேர்த்தனர் போலும். ஆயின் நோய்ப்படுக்கையையும் கல்லறையையும் ஒரே சொல்லால் பிணைத்த மூலத்தின் துணிவு இதனால் மறைகிறது.

அவ்வடிவம் செயப்பாட்டு வினையாதலின் ‘எழுப்பப்பட்டார்’ என்றே பெயர்க்கவேண்டும் என்பாருளர். எழுப்பியவர் கடவுள் என்பது பவுலின் நிருபங்களில் வெளிப்படை. எனினும் வடிவத்தை மட்டும் சான்றாக்குவதை நான் ஏற்கேன். மாமியார் காய்ச்சல் நீங்கி எழுந்ததற்கும் அதே வடிவந்தானே!